2009 மாடல் கம்ப்யூட்டரில் 4 டிபி ஹார்ட் டிஸ்க்: ஏற்குமா, ஏற்காதா?

2025 ஜூன் 3, சிங்கப்பூர் ஈசூன் வாசகர் ஒருவரின் கேள்வி

2009இல் உதிரி பாகங்களாக வாங்கிக் கூட்டிய டெஸ்க்டாப் வைத்திருக்கிறேன். கோர் 2 குவாட் பிராசசர், விண்டோஸ் 7, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். இணையத்தோடு இணைப்பதில்லை. இதை நான் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் பின்பக்கம் இருக்கும் ஃபயர்வயர் போர்ட், பழைய வீடியோ கேமராவை இணைக்கும் வாசல். மினி டிவி (MiniDV, சிறிய டிஜிட்டல் வீடியோ டேப்) கேமராவில் எடுத்த டேப்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. பிள்ளைகளின் சிறுவயது, தங்கை கல்யாணம், தைப்பூசம், தீமிதி எல்லாம் அதில். அவற்றைக் கணினியில் ஏற்ற வேண்டும். 500 ஜிபி நிரம்பிவிட்டது. 4 டிபி வாங்கப் போனால் கடைக்காரர், "பழைய மிஷின், 2 டிபிக்கு மேல ஏத்துக்காது, புதுசு வாங்கிடுங்க" என்கிறார். அக்காள் மகன் யுஎஸ்பி டிஸ்க் போதும் என்கிறான். எது சரி?

ஜூன் 3, இரவு, என் பதில்

ஏற்கும், அண்ணே. புதுசு வாங்க வேண்டாம். அப்படியே வாங்கினாலும் இன்றைய கணினிகளில் ஃபயர்வயர் போர்ட் தேடினாலும் கிடைக்காது. உங்கள் டேப்களுக்கு இந்தப் பழைய பெட்டிதான் வாசல்.

கடைக்காரர் சொன்ன 2 டிபி கணக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது வெறும் கதையல்ல. ஹார்ட் டிஸ்கின் தொடக்கத்தில், எந்தப் பகுதி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று ஒரு அட்டவணை எழுதப்பட்டிருக்கும். பழைய அட்டவணையின் பெயர் எம்பிஆர். அதில் ஓர் இடத்தைக் குறிக்க 32 பிட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் எட்டுக் கட்டம் மட்டும் போட்டுவிட்டால் ஒன்பது இலக்க எண்ணை எழுத முடியாது அல்லவா, அதே நிலைமைதான். 32 பிட்டில் எண்ண முடிவது சுமார் 429 கோடி. ஒவ்வொரு துண்டும் 512 பைட். பெருக்கினால் 2.2 டிபி. அதற்கு மேல் டிஸ்கில் இடம் இருந்தாலும் அட்டவணையில் குறிக்க வழியில்லை.

இதற்கு மாற்றாக வந்தது ஜிபிடி. அதில் 64 பிட். வீட்டில் வைக்கும் எந்த டிஸ்குக்கும் போதும். உங்கள் விண்டோஸ் 7 ஜிபிடி டிஸ்கைப் படிக்கும், எழுதும். 32 பிட் பதிப்பானாலும் 64 பிட் பதிப்பானாலும் சரிதான். ஒரே நிபந்தனை: கணினியை முதலில் எழுப்பும் உள்நிரல் பழைய பயாஸாக இருந்தால், விண்டோஸை ஜிபிடி டிஸ்கிலிருந்து தொடங்க முடியாது. உங்களுக்கு அது தேவையும் இல்லை. விண்டோஸ் பழைய 500 ஜிபியிலேயே இருக்கட்டும். புது டிஸ்க் வீடியோவுக்கு மட்டும்.

ஒரு வேண்டுகோள். இன்றைக்கு எதையும் வாங்காதீர்கள். பக்கத்துத் தகட்டைக் கழற்றி உள்ளே பாருங்கள்: மதர்போர்டில் டிஸ்கை மாட்டும் சாட்டா போர்ட் காலியாக இருக்கிறதா, டிஸ்க் உட்கார இடம் இருக்கிறதா, பவர் சப்ளையிலிருந்து வரும் கம்பிகளில் எந்த மாதிரி முனை மிச்சம் இருக்கிறது. படம் எடுத்துப் போடுங்கள்.

ஜூன் 4

அக்காள் மகன் சொன்னதை நேற்று தொடாமல் விட்டுவிட்டேன். தம்பி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

மினி டிவி டேப்பிலிருந்து வரும் தரவு நொடிக்கு 3.6 எம்பிதான். ஒரு மணி நேர டேப்புக்கு 13 ஜிபி ஆகும். 2009 கணினியில் இருப்பது யுஎஸ்பி 2. அதில் உண்மையில் கிடைப்பது நொடிக்கு 30, 35 எம்பி. டேப்பை ஏற்றுவதற்கு அது தாராளம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வரும். நூறு மணி நேர வீடியோ 1.3 டிபி. அதை யுஎஸ்பி 2 வழியாக இன்னொரு இடத்துக்கு நகல் எடுத்தால் பதினோரு மணி நேரம் ஆகும். உள்ளே சாட்டாவில் இருந்தால் இரண்டரை, மூன்று மணி நேரம். ஒரு டேப்பின் தொடக்கத்தில் இருக்கும் வெற்றுப் பகுதியை வெட்டிச் சேமிப்பதற்குக்கூட ஒவ்வொரு முறையும் 13 ஜிபி படித்து எழுத வேண்டும். அந்த வேலையை யுஎஸ்பி 2இல் செய்தால் பொறுமை போய்விடும். டேப்களைப் பாதியில் நிறுத்திவிடுவீர்களோ என்பதுதான் என் கவலை. உள்ளே போடுங்கள்.

பழைய போர்டில் சாட்டா வேகம் 3 ஜிகாபிட், இன்றைய டிஸ்குகள் 6 ஜிகாபிட் என்று எழுதியிருக்கிறதே, ஒத்துப்போகுமா என்று தெம்பனிஸ் வாசகர் கேட்டிருக்கிறார். ஒத்துப்போகும். இரண்டும் பேசிப் பார்த்துக் குறைந்த வேகத்துக்கு இறங்கிக்கொள்ளும். 3 ஜிகாபிட் என்றால் நொடிக்கு 300 எம்பி. சுழலும் டிஸ்க் தருவது 150லிருந்து 250க்குள். ஆகவே எந்த இழப்பும் இல்லை.

ஜூன் 5

படம் பார்த்தேன். சாட்டா போர்ட் நான்கு காலி. டிஸ்க் வைக்கும் தட்டிலும் இடம் இருக்கிறது. மஞ்சள், சிவப்பு, இரண்டு கறுப்பு என நான்கு கம்பியோடு தொங்கும் வெள்ளை முனையை மட்டும் கவனியுங்கள். அது மோலெக்ஸ். தட்டையான, எல் வடிவப் பள்ளம் உள்ள சாட்டா பவர் முனை ஒன்றுகூட மிச்சமில்லை.

மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கம்பி சிம் லிம் ஸ்குவேரில் எந்த மாடியிலும் கிடைக்கும். விலை ஒரு கோப்பி, ரொட்டிக்கு மேல் போகாது. ஆனால் இதில் இரண்டு வகை உண்டு. சாட்டா முனையின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஒரு வகையில் கம்பிகள் பிளாஸ்டிக்குக்குள்ளேயே உருக்கி வார்க்கப்பட்டிருக்கும். மொத்தமும் ஒரே கட்டி, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. இன்னொன்றில் பின்பக்க மூடி தனியாக இருக்கும், ஒவ்வொரு கம்பியும் தன் உலோகப் பல்லில் அழுத்திச் செருகப்பட்டிருப்பது தெரியும்.

வார்த்த வகையைத் தொடவே தொடாதீர்கள். உருக்கி ஊற்றும்போது உள்ளே கம்பிகள் நகர்ந்து ஒன்றோடொன்று நெருங்கிவிடும். மாதக்கணக்கில் ஒன்றும் ஆகாது. பிறகு ஒருநாள் 12 வோல்ட்டும் தரைக்கம்பியும் உள்ளுக்குள் சேர்ந்து பிளாஸ்டிக் கருகத் தொடங்கும். டிஸ்க் போய்விடும், சில சமயம் தீயும் பிடிக்கும். அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அப்படிக் கருகிய முனை ஒன்றை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் அதைக் கையில் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொல்வேன். அந்த வாடை இன்னும் போகவில்லை.

ஜூன் 5, நள்ளிரவு

படுத்த பிறகும் இதே யோசனை. நீங்கள் படத்தோடு எழுதியிருந்த ஒரு வரி இப்போதுதான் உறைக்கிறது: பவர் சப்ளையும் 2009இல் வாங்கியதே.

பதினாறு வருடம். உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் வெப்பத்தில் மெல்ல மெல்லக் காய்ந்துகொண்டே வரும். நம் ஊர் வெப்பத்தில் கேட்கவே வேண்டாம். ஒரு 3.5 அங்குல டிஸ்க் ஓடும்போது 5லிருந்து 8 வாட் எடுக்கும், அது பெரிதல்ல. நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் மட்டும் 12 வோல்ட் கம்பியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். இரண்டு டிஸ்க் ஒன்றாக எழும்போது, களைத்துப்போன பவர் சப்ளை தடுமாறினால் கணினி தானாக அணைந்து எழும். டேப் ஓடிக்கொண்டிருக்கும்போது அது நடக்கக் கூடாது.

ஆகவே நேற்றுச் சொன்னதற்கு மேலே ஒரு படி போகிறேன். மாற்றுக் கம்பியை விடுங்கள், பவர் சப்ளையையே மாற்றுங்கள். 24 முள் முனை அன்றும் இன்றும் ஒன்றுதான், கூட்டி வாங்கிய பெட்டி என்பதால் அளவும் பொருந்தும். புதியதில் சாட்டா முனைகள் நான்கைந்து சேர்ந்தே வரும். ஆக, மாற்றுக் கம்பி என்ற பேச்சே எழாது. பழைய பவர் சப்ளையின் கம்பியைப் புதியதில் செருக வேண்டாம். கழற்றி மாட்டும் வகையில், முனை ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பின்னால் 115, 230 என்று சிவப்பு விசை இருக்கும் மாடல் கிடைத்தால் 230இல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

ஜூன் 7

ஹரி ராயா ஹாஜி விடுமுறை. டிஸ்க் எது வாங்குவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், உட்கார்ந்து எழுத இன்றுதான் நேரம்.

கடையில் பெட்டியின் மேல் இருக்கும் பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள். டிஸ்கின் மேல் ஒட்டிய தாளில் இருக்கும் மாடல் எண்ணைக் கேளுங்கள். அதை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று பாருங்கள். எஸ்எம்ஆர் டிஸ்கில் தடங்களை ஒன்றின் விளிம்பில் இன்னொன்று ஏறும்படி எழுதுகிறார்கள். அதே வட்டில் அதிகம் அடைக்கலாம். ஆனால் ஒரு தடத்தைத் திருத்த வேண்டுமென்றால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டும். வரிசையாக எழுதிக்கொண்டே போனால் தெரியாது. அழித்து, வெட்டி, மறுபடி எழுதத் தொடங்கினால் வேகம் சட்டென்று படுத்துவிடும். நீங்கள் செய்யப்போவது அந்த வேலைதான், அதனால் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வாங்குங்கள்.

இந்த விவரம் எல்லாப் பெட்டியிலும் இருக்காது. 2020 ஏப்ரலில்தான் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2லிருந்து 6 டிபி வரையிலான சில டிஸ்குகள் எஸ்எம்ஆர் என்று வெளிப்படையாகச் சொன்னது, அதுவும் வாங்கியவர்கள் கேள்வி கேட்ட பிறகு. இப்போது ரெட் பிளஸ் சிஎம்ஆர், சீகேட்டின் அயர்ன்உல்ஃப் சிஎம்ஆர். இரண்டில் எது கிடைத்தாலும் வாங்குங்கள்.

வெளி டிஸ்கை விலை மலிவென்று வாங்கி உடைத்து, உள்ளிருப்பதை எடுத்து மாட்டலாமா என்று இன்னொருவர் கேட்கிறார். செய்பவர்கள் இருக்கிறார்கள். உத்தரவாதம் போய்விடும் என்பது ஒரு பக்கம். அப்படி எடுத்த சில டிஸ்குகள் சுழலவே சுழலாது. சாட்டா பவர் முனையின் மூன்றாவது முள்ளில் 3.3 வோல்ட் வந்தால் அணைந்திருக்க வேண்டும் என்று புதிய விதி, பழைய பவர் சப்ளையோ அந்த முள்ளில் எப்போதும் 3.3 வோல்ட் தருகிறது. டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்களும் உண்டு. இந்த வேலைக்கு அது வேண்டாம்.

ஜூன் 8

தன் பழைய கணினிக்குப் புது டிஸ்க் கேட்ட ஜூரோங் வாசகருக்கு: உங்களுடையது அகலமான பட்டைக் கம்பி போகும் ஐடிஇ டிஸ்க், சாட்டாவுக்கு முந்தையது. அதற்குப் புது டிஸ்க் தேடாதீர்கள். அந்தக் காலத்துப் போர்டுகள் பலவற்றில் 137 ஜிபிதான் எல்லை. விண்டோஸ் எக்ஸ்பியும் முதல் சர்வீஸ் பேக் வரும் வரை அதைத் தாண்டவில்லை. பின்பக்கம் இருக்கும் குட்டி ஜம்பரை மாஸ்டர், ஸ்லேவ் என்று மாற்றி மாற்றிப் போட்டு மல்லுக்கட்ட வேண்டிய காலம் முடிந்துவிட்டது. ஐடிஇயிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் கருவி ஒன்று வாங்கி, உள்ளே இருப்பதை இன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள். இன்றைக்கே என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பல வருடம் சும்மா இருந்த டிஸ்க் இன்னும் எத்தனை முறை எழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜூன் 10

பேச்சு ஹார்ட் டிஸ்க் பக்கம் போனதால் இதை எழுதத் தோன்றுகிறது. என் அம்மா 90களில் அங் மோ கியோவில் ஒரு ஹார்ட் டிஸ்க் ஆலையில் வேலை பார்த்தார். அப்போது உலகத்தில் விற்கும் டிஸ்குகளில் பெரும்பங்கு இந்தத் தீவிலிருந்துதான் போனது. சீகேட் 1982லேயே இங்கே வந்துவிட்டது. மற்ற கம்பெனிகள் பின்னாலேயே வந்தன. விடிவதற்கு முன் புளோக் கீழே கம்பெனி பஸ் வந்து நிற்கும். தமிழ், மலாய், சீனப் பெண்கள், ஜொகூரிலிருந்து வருபவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து நுண்ணோக்கி வழியாகப் படிப்பு முனைகளைச் சோதிப்பார்கள்.

உடம்பு முழுக்க வெள்ளை உடை, கண் மட்டும் தெரியும். முகத்துக்கு மை, பவுடர் எதுவும் கூடாது. மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு போக முடியாது என்பதுதான் அம்மாவுக்குப் பெரிய குறை. இத்தனை கட்டுப்பாடு ஏன் என்று சின்ன வயதில் புரியவில்லை. டிஸ்கின் உள்ளே படிப்பு முனை, சுழலும் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. சிகரெட் புகையின் ஒரு துகள்கூட அந்த இடைவெளியைவிடப் பெரியது. தட்டின் மேல் அது விழுந்தால் முனை மோதும், தட்டு கீறும். அதற்காகத்தான் அந்த உடை.

2009 ஆகஸ்டில் சீகேட் தன் அங் மோ கியோ ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. டிஸ்கின் பாகங்களைக் கூட்டும் வேலை மற்ற நாடுகளுக்குப் போயிற்று. 2011 கடைசியில் தாய்லாந்தில் வெள்ளம் வந்தபோது உலகம் முழுக்க ஹார்ட் டிஸ்க் விலை ஏறியது, அந்த வேலை எங்கே போய்ச் சேர்ந்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனாலும் உள்ளே சுழலும் தட்டுகள் இன்னும் உட்லண்ட்ஸ் ஆலையில் உருவாகின்றன. சுழலும் டிஸ்கைப் பழைய சாமான் என்று யாராவது சொல்லும்போது எனக்கு மனசு ஒப்பாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் பள்ளிக் கட்டணம் அதிலிருந்து வந்தது.

ஜூன் 15

ஈசூன் அண்ணன் கூப்பிட்டார், போயிருந்தேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், பலருக்கு உதவும்.

பெட்டியைத் தாழ்வாரத்துக்குத் தூக்கிப் போய் தூசி தட்டினோம். மின்விசிறி இறக்கைகளில் சாம்பிராணிப் புகை படிந்து பிசுபிசுப்பாக இருந்தது. பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் அப்படித்தான் ஆகும். இடம் மாற்றச் சொல்லியிருக்கிறேன். உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு வேலையைத் தொடங்கினோம்.

திருகாணியில் கவனம் தேவை. 3.5 அங்குல டிஸ்குக்குப் போடுவது பருமனான புரி உள்ளது. சிடி டிரைவுக்குப் போடுவது நெருக்கமான புரி, பெயர் எம்3. இரண்டும் ஒரே டப்பாவில் கிடந்தால் வித்தியாசம் தெரியாது. விரலால் திருகும்போதே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். முரண்டு பிடித்தால் அது வேறு திருகாணி, ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தித் திணிக்கக் கூடாது. நான்கையும் பாதி பாதியாக ஏற்றி, கடைசியில் ஒன்றாக இறுக்கினோம். சாட்டா கம்பி புதிது, இரும்புக் கொக்கி வைத்தது. உட்காரும்போது க்ளிக் என்று சத்தம் கேட்டது.

சில போர்டுகளில் சாட்டா போர்ட்கள் இரண்டு நிறத்தில் இருக்கும். தனி நிறத்தில் இருப்பவை பெரும்பாலும் வேறொரு சிப்பின் கீழ் ஓடுபவை, பெரிய டிஸ்கைப் புரிந்துகொள்ளாமல் போகலாம். பழைய டிஸ்க் எந்த நிறத்தில் மாட்டியிருந்ததோ அதே நிறத்தில் புதியதையும் மாட்டினோம்.

சுவிட்சைப் போட்டோம். விண்டோஸ் சின்னம் வந்தது, உடனே நீலத் திரை. 7பி என்று முடியும் பிழை எண். அண்ணன் முகம் வாடிவிட்டது. "கடைக்காரன் சொன்னது சரிதானோ?" என்றார்.

பயாஸுக்குள் போய்த் தேதியைப் பார்த்தேன். 2009 ஜனவரி 1. அங்கேயே விடை இருந்தது. போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது. சுவரில் மின்சாரம் இருந்தவரை தெரியவில்லை. பவர் சப்ளை மாற்ற வயரைப் பிடுங்கி வைத்தபோது பயாஸ் எல்லாவற்றையும் மறந்து ஆரம்ப நிலைக்குப் போய்விட்டது. ஆரம்ப நிலையில் சாட்டா, பழைய ஐடிஇ போலப் பேசும் முறையில் இருக்கும். விண்டோஸை நிறுவியபோது சாட்டாவுக்கே உரிய ஏஹெச்சிஐ முறையில் வைத்திருக்கிறார்கள். முறை மாறியதால் விண்டோஸுக்குத் தன் சொந்த டிஸ்கையே அடையாளம் தெரியவில்லை. புது டிஸ்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கீழே மாமாக் கடையில் பேட்டரி கிடைத்தது. மாற்றி, தேதியைச் சரிசெய்து, ஏஹெச்சிஐ என்று வைத்து, பழைய டிஸ்க் முதலில் என்று வரிசையும் போட்டதும் விண்டோஸ் எழுந்துவிட்டது.

கம்ப்யூட்டர் ஐகானில் வலது க்ளிக், மேனேஜ், டிஸ்க் மேனேஜ்மென்ட். புது டிஸ்கைத் தொடங்கவா என்று கேட்டது. எம்பிஆர், ஜிபிடி இரண்டில் ஜிபிடி தேர்ந்தோம். திரையில் வந்த அளவு 1,678 ஜிபி. 4 டிபி டிஸ்க் 3,726 ஜிபி என்று காட்ட வேண்டும்.

ஜூன் 15, தொடர்ச்சி

நேரமாகிவிட்டதால் பாதியில் நிறுத்தினேன். அந்த 1,678ஐப் பற்றி எழுத வேண்டும்.

3,726இலிருந்து 1,678ஐக் கழித்துப் பாருங்கள். 2,048. அச்சாக அதே 32 பிட் எல்லை. அட்டவணை ஜிபிடி ஆகிவிட்டது, ஆனால் டிஸ்கோடு பேசும் டிரைவர் மென்பொருள் இன்னும் 32 பிட்டில் எண்ணிக்கொண்டிருந்தது. எண் நிரம்பியதும் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஆரம்பித்துவிட்டது. 3 டிபி டிஸ்க் 746 ஜிபி என்று காட்டுகிறது என்று அந்தக் காலத்தில் பலர் புலம்பியதும் இதனால்தான். இன்டெலின் சேமிப்பு டிரைவரில் 10.1 பதிப்புக்கு முந்தையவற்றுக்கு இந்தக் குறை உண்டு. இந்தக் கணினியில் இருந்தது 2009இல் சிடியோடு வந்த டிரைவர்.

இந்த நிலையில் அப்படியே ஃபார்மட் செய்து பயன்படுத்தினால் இடம் குறைவது மட்டும் பிரச்சினை இல்லை. டிஸ்கின் உண்மையான அளவு தெரியாமல் எழுதிய அட்டவணையைப் பிறகு வேறு கணினியில் மாட்டினால் எல்லாம் குழம்பும். ஆகவே ஃபார்மட் செய்யாமல் வெளியே வந்து, டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவரை மாற்றி மைக்ரோசாஃப்டின் சொந்த ஏஹெச்சிஐ டிரைவரைப் போட்டேன். விண்டோஸ் 7இல் அது உள்ளேயே இருக்கிறது, இறக்க வேண்டியதில்லை. மறுபடி தொடங்கியதும் 3,726 வந்தது. டிஸ்கை மறுபடி ஜிபிடியாகத் தொடங்கி, ஒரே பகுதியாகப் பிரித்தோம்.

4 டிபி வாங்கினால் 3.63 டிபிதானே வருகிறது, ஏமாற்றுகிறார்களா என்று அண்ணி கேட்டார். இல்லை. தயாரிப்பாளர் 1,000ஆல் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது. பைட் கணக்கு ஒன்றுதான்.

கடைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. 2 டிபி எல்லை அட்டவணையில் இருக்கலாம், டிரைவரில் இருக்கலாம், கூடுதல் சிப்பில் இருக்கலாம். இவற்றில் ஏதோ ஒன்றில் முட்டிக்கொண்டு திரும்பி வந்த வாடிக்கையாளர்களை அவர் பார்த்திருப்பார். ஆனால் அந்த எல்லை எதிலும் கணினியின் வயது மட்டும் காரணமில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் விலகும். நல்ல கணினியைக் குப்பைக்கு அனுப்பச் சொல்வதற்கு முன் அரை மணி நேரம் பார்த்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

ஜூன் 16

அண்ணே, குவிக் ஃபார்மட் செய்துவிட்டு டேப்பைப் போடாதீர்கள். அந்தக் குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் கொடுங்கள். விண்டோஸ் 7 அப்போது டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதும். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், இரவில் விட்டுவிடுங்கள். புது டிஸ்கில் கோளாறு இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். கடையில் மாற்றிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் தெரிவது நல்லது. ரசீதைப் படம் எடுத்து வையுங்கள், அந்த மெல்லிய தாளில் எழுத்து மங்கிவிடும்.

ஃபார்மட் முடிந்ததும் டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற நிரலைத் திறந்து பாருங்கள். 05, சி5, சி6 மூன்றும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 05 என்றால் கெட்டுப்போய் ஒதுக்கிய இடங்கள். சி5 என்றால் படிக்க முடியாமல் காத்திருப்பவை. சி7 வேறு, அது கம்பி சரியாக உட்காராததைச் சொல்லும். அது மட்டும் ஏறினால் டிஸ்கைக் குறை சொல்லாமல் கம்பியை மாற்றுங்கள். வெப்பம் 40களுக்குள் இருந்தால் போதும். 50ஐத் தொட்டால் முன்பக்கம் ஒரு மின்விசிறி வைத்துவிடலாம்.

ஜூன் 18

எல்லாம் பூஜ்யம், 41 டிகிரி. முதல் டேப் ஏற்றியாயிற்று என்று செய்தி வந்தது, ஆனால் இடையிடையே சட்டகங்கள் (ஃப்ரேம்) விட்டுப்போகின்றனவாம். டிஸ்க் காரணமாக இருக்க வாய்ப்பில்லை, தேவை 3.6 எம்பி, இருப்பது 150. விண்டோஸ் 7இல் ஃபயர்வயர் டிரைவரை மாற்றிப் பாருங்கள். டிவைஸ் மேனேஜரில் 1394 என்ற பெயரில் இருக்கும் ஃபயர்வயர் கன்ட்ரோலரைத் திறந்து, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வழியில் போனால், அதே பெயரோடு லெகசி என்று சேர்ந்த இன்னொன்று இருக்கும். அதைப் போடுங்கள். பெரும்பாலானோருக்கு இதோடு தீர்ந்துவிடும்.

ஜூன் 18, இரவு

தீர்ந்துவிட்டது. 2003 தைப்பூசம் முழுவதும் ஒரு சட்டகம்கூட விடாமல் ஏறியிருக்கிறது. தேங் ரோடு கோவில் வாசலில் அண்ணனின் அப்பா பால்குடத்தோடு நிற்கும் காட்சியை எனக்கு அனுப்பினார். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூன் 22

இனி நான் விடாப்பிடியாகச் சொல்லப்போகும் விஷயம். உள்ளே இரண்டாவது டிஸ்க் போட்டதால் நகல் எடுத்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். ஒரே பெட்டி, ஒரே பவர் சப்ளை, ஒரே சுவர் பிளக். இடி மின்னலுக்குப் பேர் போன ஊர் நம்முடையது. ஒரு மாலை மழையில் இரண்டும் சேர்ந்தே போகலாம்.

ஏற்றி முடித்த டேப்களைத் தூக்கிப் போட வேண்டும் என்று அண்ணி சொல்கிறாராம். வேண்டாம் அண்ணி. காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று போட்டு, அலமாரி மேல் வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் டேப்புக்குப் பூஞ்சை பிடிக்கும், வெறும் அட்டைப்பெட்டி போதாது. அப்புறம், முன்பு வேண்டாம் என்று நான் ஒதுக்கிய அந்த யுஎஸ்பி டிஸ்கை இப்போது வாங்குங்கள். மாதம் ஒருமுறை புதிதாக ஏற்றியவற்றை மட்டும் நகல் எடுத்து, செங்காங்கில் இருக்கும் மகள் வீட்டில் கொடுத்து வையுங்கள். அக்காள் மகன் சொன்னதற்கு இடம் இங்கேதான்.

ஜூலை 6

இரண்டு கேள்விகள் மிச்சம்.

பழைய பவர் சப்ளையை என்ன செய்வது? ரப்பிஷ் ஷூட்டில் போடாதீர்கள். 2021 ஜூலையிலிருந்து மின்கழிவுக்குத் தனித் திட்டம் நடக்கிறது. எது எங்கே எடுத்துக்கொள்ளப்படும் என்பது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் தளத்தில் இருக்கிறது. டிஸ்க் போடுவதாக இருந்தால் முதலில் முழு ஃபார்மட் செய்து அழித்துவிட்டுப் போடுங்கள்.

பிற்காலத்தில் இந்தக் கணினி நின்றுபோனால் 4 டிபி டிஸ்கைக் கழற்றிப் புதியதில் மாட்டலாமா? தாராளமாக. அட்டவணை ஜிபிடி, ஃபார்மட் என்டிஎஃப்எஸ் என்பதால் விண்டோஸ் 11 அப்படியே படிக்கும், ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எனக்கு எழுதுங்கள். கோப்புகளையும் இப்போது சுருக்க வேண்டாம். மணிக்கு 13 ஜிபி பெரிதாகத் தோன்றும், நூறு டேப்பும் ஏறிய பிறகு பாதி டிஸ்க்கூட நிரம்பியிருக்காது.